சொட்டு மருந்தை அளந்து பார்த்த டாக்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த போலியோ ஒழிப்புக் கட்டுரையைப் படித்தேன். முகாம்கள், சுவர் விளம்பரங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக அலைந்த பணியாளர்கள் என்று எல்லாரையும் நினைவில் வைத்து எழுதியிருந்தீர்கள். அப்படி அலைந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் இரண்டு குறை. வேலூர் சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. ‘சொட்டு மருந்தால் எந்தப் பாதிப்பும் வராது’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அவர் செய்த வேலையைத் தெரிந்துகொண்டிருந்தால் உங்கள் கட்டுரையாளர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

ஜேக்கப் ஜான் குழந்தைகள் நல மருத்துவர். தொற்றுநோய்த் துறையில் அமெரிக்காவின் கொலராடோவில் பயிற்சி பெற்று வேலூருக்குத் திரும்பி, சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வகத்தை வளர்த்தவர். அந்தக் காலத்தில் மூன்று தவணை சொட்டு மருந்தும் முறையாகப் போட்ட குழந்தைகளுக்கே கால் விளங்காமல் போவது உண்டு. மருந்து வெயிலில் கெட்டிருக்கும், ஐஸ் பெட்டியைச் சரியாக வைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். பழி கடைசியில் மருந்து கொடுக்கும் நர்ஸ் தலையில் வந்து விழும்.

அவர் அந்தச் சமாதானத்தோடு நிற்கவில்லை. மருந்து கொடுத்த குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று சோதித்தார். வீரியம் குறையாத மருந்தைக் கொடுத்தும், அது பல குழந்தைகளின் உடம்பில் பிடிக்கவே இல்லை. மூன்று தவணைக்குப் பிறகும் போலியோ வைரஸின் மூன்று வகைகளில் முதல் வகை, மூன்றாம் வகை வைரஸ்களுக்கு எதிராக ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. பணக்கார நாடுகளில் இதே மருந்து கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வேலை செய்தது. குடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு வைரஸ்கள் தடுக்கின்றனவோ என்றும் பார்த்தார். அதுவும் காரணமாகத் தெரியவில்லை. தாய்ப்பால்தான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதையும் 1970களிலேயே சோதித்து, அப்படி இல்லை என்று காட்டினார். “பால் குடுத்துட்டு வந்துட்டேன், நர்சம்மா, பரவாயில்லையா?” என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தயங்காமல் “பரவாயில்லை” என்று சொல்ல முடிந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு ஆராய்ச்சி இருந்தது பணியில் இருந்தவரை எனக்குத் தெரியாது.

அவர் முடிவுகள் 1972ல் வெளியாயின. அவற்றை நாடு காதில் போட்டுக்கொள்ள எத்தனை காலம் ஆனது என்று நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது. 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வு, உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணை சொட்டு மருந்து முதல் வகைப் போலியோவுக்கு எதிராகத் தரும் பாதுகாப்பு 9 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. பிகார் நீங்கலாக நாட்டின் மற்ற பகுதிகளில் 21 சதவீதம். பத்துத் தவணை போட்ட குழந்தைக்கும் அங்கே போலியோ வந்ததில் அதிசயம் என்ன?

“போன மாசம்தானே போட்டீங்க, மறுபடியும் எதுக்கு?” இந்தக் கேள்வி கேட்காத வீடு கிடையாது. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இதற்கு நேரான பதில் இருக்காது. ‘கூடுதல் பாதுகாப்பு’ என்று சொல்லச் சொல்வார்கள். உண்மையான பதில் வேலூரிலேயே இருந்தது: மருந்து நம் குழந்தைகளுக்குக் குறைவாகவே பிடிக்கிறது, அதனால் பலமுறை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கும் முறையை அவரும் உடன் வேலை செய்தவர்களும் வேலூரில் செய்து பார்த்து, 1983ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1995 டிசம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய பல்ஸ் போலியோ அதே வழிமுறைதான். உங்கள் கட்டுரை அந்தத் திட்டம் ஏதோ டெல்லியில் உதித்தது போல ஆரம்பிக்கிறது.

இனி அந்த வரிக்கு வருகிறேன். சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகும்போது, மிக மிக அரிதாக, பழைய குணத்துக்குத் திரும்பி அந்தக் குழந்தையையோ அதோடு பழகிய இன்னொரு குழந்தையையோ முடக்கிவிடும். 1999ல் மட்டும் இந்தியாவில் இப்படி 181 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் கணக்கு வந்தது. ஏறத்தாழ 41 முதல் 46 லட்சம் தவணைக்கு ஒரு குழந்தை. போலியோ நோய் முடக்கிய குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் அந்த 181 வீடுகளில் போய் ‘சிறிய எண்ணிக்கை’ என்று யார் சொல்வது? திட்டம் கெட்டுவிடும் என்று பலர் வாய் திறக்கத் தயங்கிய விஷயத்தை ஜேக்கப் ஜான் மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக எழுதினார். அதே சமயம் சொட்டு மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. உயிரற்ற வைரஸால் ஆன ஊசியைக் கொண்டு வாருங்கள், போலியோவை ஒழித்துவிட்டு ஒழுங்காகச் சொட்டு மருந்திலிருந்து வெளியேறுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டாம் வகை இயற்கை வைரஸ் 1999 அக்டோபருக்குப் பிறகு உலகில் எங்கும் காணப்படவில்லை. அப்படியும் அந்த வகைக்கான உயிருள்ள வைரஸ் 2016 ஏப்ரல் வரை நம் குழந்தைகளின் வாயில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஊசி 2015 நவம்பரில் வந்தது. தமிழ்நாட்டில் 0.1 மில்லி அளவில் தோலுக்குள் போடும் முறை அடுத்த ஆண்டு வந்தது. மிக மெல்லிய ஊசி. சரியாகப் போனால் மேற்கையில் சின்னதாக ஒரு தடிப்பு எழும்பும், எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். இளம் செவிலியர்கள் அந்தத் தடிப்பைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுவதைக் கண்டிருக்கிறேன். ஜேக்கப் ஜான் குரல் கொடுத்துப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய மற்ற வேலைகளைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடம் போதாது. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு சேகரித்த ரத்த மாதிரிகள் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக வேலூருக்குத்தான் வந்தன. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் அஞ்சலட்டை கொடுத்து, சந்தேகத்துக்குரிய நோயைக் கண்டால் நிரப்பித் தபாலில் போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, பெரிய செலவும் கிடையாது. மாவட்டத்தின் நோய் நிலவரம் கைக்கு வந்தது. பின்னாளில் பிகார் முசாபர்பூரில் விடியற்காலையில் வலிப்பு வந்து குழந்தைகள் இறந்தபோது, மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் ரத்தச் சர்க்கரையையும் லிச்சிப் பழத்தையும் பாருங்கள் என்று சுட்டிக்காட்டியவர்களில் இவரும் ஒருவர். லிச்சியில் உள்ள ஒரு நச்சு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும் என்பதால், இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த ஏழைக் குழந்தைகள்தான் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

தடுப்பூசியைப் பற்றி இன்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இரண்டே ரகம். ஒன்று, ஊசியே சதி. மற்றொன்று, குறை சொல்பவன் மூடன். என் அனுபவத்தில் இரண்டாவது ரகப் பேச்சு முதல் ரகத்துக்குத்தான் ஆள் சேர்க்கிறது. ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி ஊசி போட்டுவிட்டு, ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அந்தத் தாய் அடுத்த தவணைக்கு ஏன் வரப்போகிறாள்? ‘காய்ச்சல் வரும், ஒரு நாளில் சரியாகிவிடும், இந்த மருந்தை இந்த அளவு கொடு’ என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் அவள் வருவாள், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வருவாள்.

எனவே அந்த வரியை இப்படித் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: ‘சொட்டு மருந்தால் பாதிப்பு மிக மிக அரிது; அந்த அரிய பாதிப்பையும் குறைக்கவே இப்போது ஊசியும் சேர்த்துப் போடப்படுகிறது.’ பக்கத்தில் இடம் இருந்தால் இன்னும் ஒன்று. தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது ஏன், வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், யாரிடம் சொன்னால் அது முறையாகப் பதிவாகும் என்பதையும் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்கள் எங்களிடம் அதிகம் கேட்டது இவற்றைத்தான்.

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குடியாத்தம்.