அடைக்கும் முன் ஆராய வேண்டிய விரிசல்

ஆசிரியருக்கு,

உர ஆலைகளில் கழிவு வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் வெப்பப் பரிமாற்றிகளில், குழாயும், குழாய்களின் முனைகளைத் தாங்கும் துளையிட்ட தகடான குழாய்த் தகடும் சேருமிடத்தில் விரிசல் தெரிந்தவுடன், அதைத் தேய்த்து வெல்டிங் வைத்து ஆலையை ஓட்டிவிடும் அவசரம், காரணத்தைச் சொல்லக்கூடிய தடயத்தையே அழித்துவிடுகிறது. கொதிகலன் நீரில் எரிகாரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) சிறிதளவே இருந்தாலும், தகட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கில் நீர் ஆவியாக ஆவியாக அது செறிந்து, இழுவிசை எஞ்சியிருக்கும் வெல்டிங்கை ஒட்டி, கிளை விட்டுப் பரவும் விரிசலை உண்டாக்கும். கார்பன் எஃகில் அது பெரும்பாலும் உலோக மணிகளின் (உலோகத்தை உருவாக்கும் நுண்படிகங்களின்) எல்லை வழியே ஓடும். அதிர்வாலோ, அடிக்கடி நிறுத்தி இயக்குவதாலோ உலோகம் மீண்டும் மீண்டும் விசைக்கு உள்ளாகி வரும் களைப்பு விரிசல், பொதுவாக அதிகம் கிளைக்காமல் மணிகளை ஊடுருவிச் செல்லும். முன்னதற்கு உரிய மருந்தான நீர்ப் பராமரிப்பு பின்னதற்கு உதவாது.

ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் 1991-இல் நீராவிக் கலத்தின் குழாய் ஒன்று முறிந்தது களைப்பால்தான். அதிர்வைத் தடுக்கும் பட்டைகள் வடிவமைப்பின்படி உள்ளே செருகப்படாமல் இருந்ததே அதற்குக் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் வெறும் கசிவுதான்.

எனவே பழுதுபார்க்க அனுமதி தரும் முன், வெட்டியெடுத்த மாதிரியின் நுண்ணோக்கிப் படம், இடுக்கில் படிந்த உப்பின் பகுப்பாய்வு, இயக்கி நிறுத்திய பதிவேடு ஆகியவற்றைக் கொதிகலன் ஆய்வாளர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
கொதிகலன் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்