வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

ஈழத்து இலக்கியத்தில் காடும் குளமும் வயலும் எப்படி வருகின்றன என்று இந்த ஆண்டு முழுவதும் வாசிப்பதாகக் கடந்த பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். 10 கூட்டங்கள் நடந்தன. மாரியில் பாதை வெள்ளத்தில் கிடந்ததால் இரண்டு கூட்டங்கள் நின்றுபோயின.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’க்கு மட்டும் மூன்று கூட்டங்கள் போயின. 1973இல் வந்த நாவல். கதை நடக்கும் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு நமக்குத் தூரத்து ஊர் அல்ல. பாடசாலையில் ‘இயற்கை வருணனை’ என்று தலைப்புப் போட்டு நாலு வரியை எடுத்து எழுதிவிடுவோம். இந்த நாவலில் அப்படிப் பிரித்தெடுக்க முடியவில்லை. நிலத்துப் பொந்தில் வாழும் நிலக்கிளி என்ற அந்தப் பறவையை விட்டுவிட்டுக் கதாநாயகி பதஞ்சலியைப் பற்றி எதையும் சொல்ல இயலாது. 1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதற்குப் பின் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் குளமும் காடும் முதலில் கிடைத்தது இந்தப் புத்தகத்தில்தான். மூன்றாவது கூட்டத்துக்கு, முன்பு அங்கே வயல் செய்த ஓர் அம்மா வந்திருந்தார். வாசிப்பை இடையில் நிறுத்தி, குளக்கட்டு எந்தப் பக்கம் வளையும் என்று கையால் காட்டினார். அப்புறம் விமர்சனம் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஆங்கிலேயர் லெனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவலை ஒரு கூட்டத்தில் பேசினோம். அதில் காடு ஊரை விழுங்கக் காத்திருக்கிறது. ‘வந்தவர் கண்ணுக்குக் காடு பகை, பிறந்தவர் கண்ணுக்குத் தாய்’ என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம்மவர் கதையிலும் காட்டை வெட்டித்தானே கமம் செய்கிறார்கள்.

வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கூட்டம் சிலப்பதிகாரத்துக்கு. ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து’ பாலை ஆகும் என்ற வரியை வாசித்தபோது ஒரு மாணவி கேட்டார்: “பாலை பழமரம் அல்லவா, அது எப்படி வறண்ட நிலமாகும்?” நல்ல கேள்வி. கடுங்கோடையிலும் பச்சையாக நிற்கும் மரத்தின் பெயர் நமக்குப் பாலை. இளங்கோவுக்கோ அது காடும் மலையும் கெட்டபின் எஞ்சும் நிலத்தின் பெயர். முதிரை மரமும் பாலை மரமும் வெட்டுண்டு இரவில் லொறி ஏறிப் போவதைக் கேள்விப்படுகிற நமக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அன்று இருட்டும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

வீரை, கூழா, உலுவிந்தை என்று மரப்பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டு எழுதும் கொப்பி பாதி நிரம்பியிருக்கிறது. அதை இளையவர்களே தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்குச் செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ நாவல் முன்மொழியப்பட்டுள்ளது. ‘நிலக்கிளி’ பிரதிகள் இன்னும் இரண்டு திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் அடுத்த போயாவுக்குள் (பௌர்ணமி) கொண்டுவந்து தரவும்.

செயலாளர்