நிறுவலில் கைவைத்த எல்லோருக்கும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலியும் படமும் சேர்ந்து ஓடிய நம் கலை நிறுவலைக் கழற்றியாயிற்று. திரையைச் சுருட்டிவிட்டோம், ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் போய்விட்டன. காட்சிக்கூடச் சுவரில் என் பெயர் மட்டும் பெரிதாக இருந்ததை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. உழைத்தவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, வேலையைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் நன்றி, உலோகத் தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்த தாளக் கலைஞருக்கு. தகட்டில் மணலைத் தூவி வில்லால் இழுத்தால், அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத கோடுகளில் போய்ச் சேரும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி இந்த உருவங்களை 1787-இலேயே நூலில் வரைந்து காட்டிவிட்டார். ஆனால் விளிம்பில் விரலை எங்கே வைத்தால் எந்தச் சுருதி எழும், எந்த உருவம் விழும் என்பது கைப்பழக்கத்தில் வருவது. மேலே கேமராவும் பக்கத்தில் மைக்கும் வைத்து நாங்கள் பதிவு செய்தோம், அவ்வளவுதான். ஒலிக்குப் பொருத்தமான படத்தைத் தேடி ஒட்டாமல், இரண்டையும் ஒரே அதிர்விலிருந்து எடுக்க முடிந்தது அவரால்.

அடுத்தது, என்னோடு விடாமல் சண்டை போட்ட கியூரேட்டர், அதாவது கண்காட்சிப் பொறுப்பாளர். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு காட்சி அசைய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இருந்த பிலிப்ஸ் அரங்கைப் பற்றிச் சொன்னார். அங்கே இசையமைப்பாளர் எட்கர் வரேஸின் இசையும் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே தேர்ந்தெடுத்த படங்களும் தனித்தனியாகவே உருவாகி, ஒரே கூரையின் கீழ் சேர்ந்து ஓடின. எல்லாவற்றையும் பொருத்திவிட்டால் பார்ப்பவருக்கு வேலையே இருக்காது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் இரண்டாம் பகுதியில் படத்தையும் ஒலியையும் அதனதன் போக்கில் விட்டதற்கு அவர்தான் காரணம். வந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்ததும் அந்தப் பகுதியில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் பகுதியில் பொருத்தம் துல்லியமாக இருக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தொழில்நுட்பர் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படத்தை ஒரு கருவியிலும் ஒலியை இன்னொன்றிலும் ஓட்டலாமா என்ற பேச்சு வந்தது. "காலையில் சேர்ந்து கிளம்பும், சாயங்காலத்துக்குள் பிரிந்துவிடும்" என்றார். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் அச்சு அசலாக ஒத்து ஓடுவதில்லை. ஒரு சுற்றில் தெரியாத வித்தியாசம் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இரண்டையும் ஒரே கணினிக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் புரொஜெக்டரின் தாமதம். நொடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. படம் இரண்டு பிரேம் பிந்தினால் வில் தொடும் முன்பே சத்தம் கேட்டுவிடும். ஒலி முந்தினால் நமக்குச் சட்டென்று உறுத்தும். பிந்தினால் அவ்வளவாகத் தெரியாது. தொலைக்காட்சிக்கான சர்வதேசப் பரிந்துரையிலேயே, முந்தும் ஒலி சுமார் 45 மில்லிநொடியிலும் பிந்தும் ஒலி 125-லும்தான் கவனத்துக்கு வருவதாகக் கணக்கு. தூரத்தில் மரம் வெட்டினால் ஓசை பிந்தி வருவதைக் கேட்டுப் பழகிய காது இது. எனவே ஒலியை வேண்டிய அளவு தாமதப்படுத்தினார்.

யாருக்குப் பொருத்துவது என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும்; ஸ்பீக்கரிலிருந்து 7 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 மில்லிநொடி பிந்தும். தொழில்நுட்பர் ஸ்பீக்கருக்கு அருகில் நிற்பவரைக் கணக்கில் வைத்துப் பொருத்தினார். பின்னால் இருப்பவர்களுக்கு வரும் தாமதம் காது பொறுக்கும் எல்லைக்குள் அடங்கிவிட்டது.

புரொஜெக்டருக்குப் பெட்டி செய்த தச்சருக்கும் நன்றி. மெல்லிய இசைக்கு நடுவே விசிறியின் இரைச்சல் கேட்கக் கூடாது, ஆனால் காற்றை அடைத்தால் கருவி சூடேறி அணைந்துவிடும். உள்ளே பஞ்சுப் பட்டை ஒட்டி, காற்று வளைந்து வளைந்து வெளியேற வழி வைத்தார். காற்று போனது, இரைச்சல் நின்றது.

பக்கத்து அறை ஓவியருக்கு நன்றியோடு மன்னிப்பும். எங்கள் இசையின் அடிநாதம் 40 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலையே எட்டரை மீட்டருக்கு மேல் நீளும். அதைத் தடுக்கத் திரைச்சீலை எல்லாம் போதாது; சுவர் வழியே அவர் அறைக்கும் போய்விட்டது. அவர் கோபப்படாமல், சுவரைத் தொட்டுத் தொட்டு எங்கே அதிர்கிறது என்று சாக்பீஸால் குறித்துக் கொடுத்தார். அதை வைத்துத்தான் அடிநாதத்துக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை நகர்த்தி, அடியில் ரப்பர் வைத்தோம்.

காவலுக்கு நின்ற தோழர்களே, ஒரே இசையை நாள் முழுக்கக் கேட்டவர்கள் நீங்கள்தான். கூட்டம் நிறைந்தால் மேல்ஸ்தாயி மங்குகிறது என்று முதலில் சொன்னவர்களும் நீங்களே. உடம்பும் உடையும் அதை உறிஞ்சிவிடுகின்றன. அதன் பிறகு கூட்டத்துக்கு ஒன்று, காலி அறைக்கு ஒன்று என இரண்டு ஒலி அளவுகள் வைத்தோம்.

வந்து தரையில் உட்கார்ந்தவர்களுக்கும், ஒரு நிமிடத்தில் எழுந்து போனவர்களுக்கும் நன்றி. இரவல் வாங்கிய கறுப்புத் துணியும் ரப்பர் துண்டுகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. யாருடையவை என்று குழம்பிப் போயிருக்கிறேன். உரியவர்கள் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்