பள்ளத்துப் பாட்டுகள் எங்கே?

தொகுப்பு ஆல்பங்களுக்குப் பாட்டுப் பொறுக்கும் இசை நிறுவனத்தாருக்கும், ஸ்ட்ரீமிங்கில் ‘பெஸ்ட் ஆஃப்’ பட்டியல் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். தொகுப்பே கூடாது என்று சண்டை பிடிக்க வரவில்லை. ராக் பாடகர் நீல் யங் மாதிரி நாற்பதுக்கு மேல் ஆல்பம் போட்ட ஒருவரை எங்கே தொடங்கிக் கேட்பது என்று புதிதாக வருகிறவர் முழிக்கத்தான் செய்வார். 2004-இல் வந்த அவருடைய ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ அப்படிப்பட்டவர்களுக்கானது. பதினாறு பாட்டு. விற்பனை, வானொலி ஒலிபரப்பு, டவுன்லோடு இவற்றை வைத்துத் தேர்ந்தெடுத்ததாக அதிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்வுதான் பிடிக்கவில்லை.

கால வரிசையில் போகும் அந்தப் பட்டியலில் 1972-இன் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ முடிந்ததும் 1977-இன் ‘லைக் எ ஹரிக்கேன்’ வந்துவிடுகிறது. நடுவில் மனிதர் ஐந்து வருடம் தூங்கிக்கொண்டா இருந்தார்?

‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’ பட்டியலில் இருக்கிறது. ஹெராயின் ஊசி மனிதர்களை என்ன செய்கிறது என்று நண்பர் டேனி விட்டனைப் பார்த்து எழுதியது. அப்போது விட்டன் உயிரோடு இருந்தார். 1972 நவம்பரில் அவர் இறந்தார். மறு வருடம் யங்கின் இசைக்குழுவோடு வேலை பார்த்த புரூஸ் பெர்ரி ஹெராயினுக்குப் பலியானார். அந்தத் துக்கத்தில் சுருதி விலகி, குரல் உடைந்து பதிவானதுதான் ‘டுநைட்ஸ் தி நைட்’ ஆல்பம்; 1975-இல்தான் வெளியே வந்தது. அதிலிருந்து உங்கள் பதினாறில் ஒன்றுகூட இல்லை. எச்சரிக்கையை வைத்துக்கொண்டு இழவை விட்டுவிட்டீர்கள். ‘ஆன் தி பீச்’ ஆல்பத்துக்கும் இடமில்லை. ‘கார்டெஸ் தி கில்லர்’ பாட்டுக்குக்கூடவா இடமில்லை? சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

இத்தனைக்கும் அவரே பாட்டுத் தேர்ந்தெடுத்த தொகுப்பு ஒன்று 1977-இலேயே வந்திருக்கிறது: ‘டெக்கேட்’. மூன்று இசைத்தட்டு, 35 பாட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்திலேயே குறிப்பு. அதுவரை வெளிவராத பாட்டுகளும் உண்டு. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டது, அது சலித்ததால் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கினேன், வழி கரடுமுரடு என்றாலும் அங்கே பார்த்த ஆட்கள் சுவாரசியமானவர்கள் என்கிற பொருளில் எழுதியிருந்தார். அந்தப் பள்ளத்து நாட்களைத்தான் விற்பனைக் கணக்கு தூர்த்துவிட்டது. ஏற்கெனவே ஓடிய பாட்டுதான் தொகுப்புக்குள் வரும். தொகுப்பில் இருப்பதால் அதுவே மறுபடி ஓடும். அப்புறம் அடுத்த பட்டியலுக்கு அதே எண்ணிக்கையை எடுத்துப் பார்ப்பீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இசைக்கலைஞர் உயிரோடு இருந்தால் நாலைந்து பாட்டையாவது அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாட்டு எந்த ஆல்பம், எந்த வருடம் என்று தெளிவாகப் போடுங்கள். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நீல் யங்குக்கு இனியொரு தொகுப்பு போடுவதாக இருந்தால், ஊசிப் பாட்டுக்கு அடுத்து ‘டுநைட்ஸ் தி நைட்’ ஆல்பத்தின் ‘டயர்ட் ஐஸ்’ வரட்டும். ‘டெக்கேட்’ தொகுப்பில் அவரே சேர்த்த பாட்டுதான் அது.

இப்படிக்கு,
பள்ளத்துப் பக்கம் இருக்கும் ஒரு ரசிகன்