மிகைச் சொல்லுக்கு எடை பார்க்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. இறுதிப் போட்டியில் தோற்ற பிரிட்டிஷ் வீரர் ஒருவர் 'நான் நொறுங்கிப்போய்விட்டேன்' என்று சொன்னதாகப் போட்டு, அதையே பெரிய எழுத்தில் தலைப்பாகவும் கொடுத்திருந்தீர்கள். அதைப் படித்த என் அம்மா, அந்தப் பையன் ஏதாவது செய்துகொள்ளப் போகிறான், கூட யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். நான் அந்தப் பேட்டியைத் தேடிப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்ன சொல் 'கட்டட்'. மீனைக் கீறிக் குடலை எடுப்பதைச் சொல்லும் வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டனில் விரும்பிய நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைக்காதவர்கூட அதைத்தான் சொல்வார். 'ரொம்ப வருத்தமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும், அம்மாவும் பயந்திருக்க மாட்டார்.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவன். இந்த இடத்தில் நானும் பலமுறை சறுக்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும், பேச்சில் அதற்கு எவ்வளவு எடை என்று பெரும்பாலும் சொல்லாது. அன்றாட ஆங்கிலமோ மிகைச் சொற்களால் நிறைந்தது. பசித்தால் 'ஸ்டார்விங்' (பட்டினியால் சாகிறேன்), குளிர்ந்தால் 'ஃப்ரீஸிங்' (உறைந்துபோகிறேன்), பத்து நிமிடம் காத்திருந்தால் 'ஏஜஸ்' (யுகக்கணக்கு), பை கனத்தால் 'வெயிஸ் எ டன்' (ஒரு டன் எடை). கேட்பவர் யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துதான் சொல்பவரும் சொல்கிறார், அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பேச்சே நடக்கிறது.

இது பொய் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 'உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்' என்று சொல்பவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. மூன்று தடவை மட்டும் சொல்லிவிட்டு 'ஏழு தடவை சொன்னேன்' என்றால்தான் பொய், ஏனென்றால் ஏழு நம்பக்கூடிய எண். மிகை என்பது நம்பவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது உணர்ச்சியாகக் காதில் விழும். இதற்கென்றே ஆங்கிலத்தில் 'ஸில்லியன்' என்று ஒரு சொல் இருக்கிறது, மில்லியன் பில்லியன் போல ஒலிக்கும், ஆனால் எந்த எண்ணையும் குறிக்காது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாள் ஆக்குவது வேறு சங்கதி, அங்கே கேட்பவரை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை, மோல் என்ற சின்னப் பிராணி தோண்டிப்போட்ட மண்மேட்டை மலையாக்குவதாகச் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'லிட்டரலி' பற்றி உங்கள் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று. 'சொல்லுக்குச் சொல் உண்மையாக' என்று பொருள் தரும் சொல்லை 'லிட்டரலி செத்துட்டேன்' என்று உயிரோடு இருப்பவர் சொல்லலாமா என்பது அவர் கேள்வி. அவர் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் பழியைப் பிள்ளைகள் மேல் போட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தப் பயன்பாட்டுக்கு 1769இல் வெளிவந்த ஒரு நாவலிலிருந்தே எடுத்துக்காட்டு தருகிறது. அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதி 1909ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதைக் குறித்துவைத்தது. அது மட்டும் இல்லை, நாம் பள்ளியில் முதலில் கற்கும் 'வெரி' என்ற சொல்லே 'உண்மையான' என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். 'ரியலி'யும் அப்படித்தான். உண்மை என்று சொல்ல வந்த சொற்கள் எல்லாம் தேய்ந்து தேய்ந்து 'மிகவும்' என்று ஆகிவிடுகின்றன, அப்புறம் அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு சொல் தேவைப்படுகிறது, அது 'லிட்டரலி'யாக இருக்கிறது. 'நிரம்ப' என்பது 'ரொம்ப' ஆன கதைதானே இது.

பயத்தின் சொற்களும் இதே வழியில் வந்தவை. 'டெரிஃபிக்' என்றால் ஒரு காலத்தில் அச்சுறுத்துவது. 'ட்ரெமென்டஸ்' என்றால் நடுங்கவைப்பது. இன்று இரண்டும் பாராட்டு. 'ஆஃபுல்', 'ஆசம்' இரண்டுக்கும் வேர் ஒன்றே, பயமும் பக்தியும் கலந்த பிரமிப்பு. ஒன்று மட்டமானது என்றும் மற்றது அட்டகாசம் என்றும் பிரிந்துபோனது, நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று சொல்பவர்கள்தான் நாம். மிரட்டல், வெறித்தனம் எல்லாம் நம்மிடம் புகழ்ச்சி ஆகிவிட்டன. தமிழில் இயல்பாகக் காதில் ஏறும் இந்த நுட்பம், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

உங்கள் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் 'வெரி எக்ஸலன்ட்', 'வெரி ஃபென்டாஸ்டிக்' என்று எழுதுகிறார்கள். எக்ஸலன்ட் ஏற்கெனவே உச்சியில் நிற்கும் சொல், அதை 'வெரி' வைத்து இன்னும் ஏற்ற முடியாது. டயர்ட் என்றால் 'வெரி', எக்ஸாஸ்டட் என்றால் 'அப்ஸலூட்லி'. ஹங்ரி என்றால் 'வெரி', ஸ்டார்விங் என்றால் 'அப்ஸலூட்லி'. மாற்றிப் போட்டால் காதில் இடறும். 'டூ' இன்னொரு தொல்லை. 'மிகவும்' என்று நினைத்து 'டூ ஹேப்பி' என்று எழுதுகிறார்கள், ஆனால் அது வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது என்ற பொருளைத் தருகிற சொல். 'டூ ஹாட்' என்றால் குடிக்க முடியாத அளவு சூடு.

எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரியும் இல்லை. அமெரிக்கர் 'க்வைட் குட்' என்றால் நன்றாகவே இருக்கிறது, பிரிட்டிஷ்காரர் அதையே சொன்னால் பல நேரம் 'பரவாயில்லை' என்பதுதான். ஒருமுறை பிரிட்டிஷ் பதிப்பாசிரியர் ஒருவர் என் வேலையை 'க்வைட் குட்' என்று எழுதி அனுப்பினார், நான் சந்தோஷப்பட்டு இணைப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புத் திருத்தம். அவர் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் எடையைத் தப்பாகப் போட்டேன். இதைவிடப் பெரிய விஷயங்களிலும் இது நடந்திருக்கிறது. 1951 ஏப்ரலில், கொரியப் போரின்போது, இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகள் சூழ்ந்துகொண்ட நேரத்தில், பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் ப்ரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று சொன்னதாகவும், கொஞ்சம் சிக்கல்தான், சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாகவும் அந்தப் போரைப் பற்றி எழுதுபவர்கள் சொல்வார்கள். அங்கே மாட்டிக்கொண்ட குளோஸ்டர்ஷயர் பட்டாலியனில் பெரும்பாலோர் சிறைபட்டார்கள். குறைத்துச் சொல்லும் பழக்கமும் மிகைக்கு உடன்பிறப்பு, அதற்கும் எடை பார்க்கத் தெரிய வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டு. வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது 'ஸ்லாம்ஸ்' என்று தலைப்பில் பார்த்தவுடன் 'வெளுத்து வாங்கினார்' என்று போடாதீர்கள். ஆங்கிலத் தலைப்பில் அது இடம் அடைக்காத சின்னச் சொல் என்பதற்காகவும் வருகிறது, உள்ளே படித்தால் பல நேரம் 'விமர்சித்தார்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. உள்ளே படித்துவிட்டுத் தலைப்பு வையுங்கள். இன்னொன்று, பயிற்சிப் பகுதியில் சொல்லுக்குப் பொருள் தரும்போது யார், எப்போது, எவ்வளவு சாதாரணமாக அதைச் சொல்வார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

போன வாரம் அதே பகுதியில் 'ஐ லவ் யூ டு டெத்' என்பதற்கு 'சாகும் வரை உன்னை நேசிப்பேன்' என்று வந்திருந்தது. அங்கே 'டு டெத்' காலத்தைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறது. 'உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன்' என்று திருத்தி வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்