பெண் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அங்கே விளையாட்டு விழா நடந்தது. தெருவில் பையன்களோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது அவளைத் தொட ஆள் கிடையாது, அதனால் ஓட்டத்தில் ஏதாவது ஒரு டிபன் பாக்ஸாவது வாங்கிவிடுவாள் என்று நம்பி நானும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, விசில் ஊதி, பையன்களுக்கு 50 மீட்டர், 100 மீட்டர் எல்லாம் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு? வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம். அப்புறம் உருளைக்கிழங்கு பொறுக்குவது, மியூசிக்கல் சேர். அவ்வளவுதான்.

"இவங்களுக்கு ஓட்டம் கிடையாதா சார்?" என்று விழாவை நடத்திய ஆசிரியரிடம் கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்க விழுந்து வாரினா நீங்கதாம்மா நாளைக்குச் சண்டைக்கு வருவீங்க" என்றார். அவர் இதைச் சொல்லும்போது முட்டி சிராய்த்த பையன் ஒருவன் பக்கத்திலேயே நின்று டெட்டால் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

விழா நாளை விடுங்கள், வாராவாரம் வரும் பிடி (உடற்கல்வி) பீரியடிலும் இதே கதைதான். (அதுவும் கணக்குப் பாடம் முடியவில்லை என்று கடன் வாங்கப்படாமல் இருந்தால்.) பந்தும் பேட்டும் பையன்களுக்குப் போகும், கூடவே மைதானமும் போய்விடும். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஸ்கிப்பிங் கயிறும் ரிங் பாலும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எந்த உத்தரவும் கிடையாது, பழக்கம்தான். நான் படித்த காலத்திலும் இதே மாதிரி ஒரு மரத்தடியில்தான் நின்றோம்.

ஆறிலிருந்து ஒன்பது பத்து வயது வரைக்கும் ஓட்டத்திலும் பலத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, பருவம் வந்த பிறகுதான் அது கூடுகிறது. பந்தை யார் தூரமாக எறிகிறார்கள் என்பதில் வித்தியாசம் தெரிந்தால், யார் கையில் பந்து அதிக நாள் இருந்தது என்றும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? ஐந்து வருடம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் போனதும் பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடு என்றால் எந்தப் பிள்ளை கொடுக்கும்? இதில் பையன்களுக்கும் நஷ்டம் இருக்கிறது. ஸ்கிப்பிங் ஆட ஆசைப்பட்ட என் அண்ணன் மகனை அவனோடு படிக்கும் பையன்கள் கேலி செய்து அழவிட்டார்கள்.

டீச்சர்களை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும் என்கிறது, ஆனால் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்று வரும்போது ஆறிலிருந்து எட்டு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் என்று நிறுத்திக்கொள்கிறது. தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்பைச் சேர்த்து மேய்க்கும் டீச்சர்தான் பிடி டீச்சரும். அவர் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தால், பாய்ந்து எடுப்பவனுக்கே பந்து. கவனிக்க ஆள் இல்லாத மைதானம் தானாகவே பையன்கள் மைதானம் ஆகிவிடுகிறது.

இன்னொன்று உடை. பாவாடை தூக்கிவிடுமோ என்ற பயத்தில் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடும் பிள்ளை எப்படி வேகமாக ஓடும்? கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் வளையன்சிறங்கரை என்ற ஊரில் ஓர் அரசு தொடக்கப் பள்ளி, 2018 வாக்கிலேயே பையன், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி முக்கால் டிரவுசரும் சட்டையும் என்று மாற்றிவிட்டது. நம் பள்ளியில் சீருடையையே மாற்றச் சொல்லவில்லை. பிடி இருக்கும் நாளில் மட்டும் டிராக் பேன்ட் போட்டு வரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது, அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். அந்த வாரம் எங்கள் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு முழுக்க அந்தப் பெண்ணின் படம்தான், கைதட்டும் பொம்மைகள்தான். அதே பள்ளியில் கபடிக் கோட்டுக்குள் ஒரு பெண் பிள்ளை கால் வைத்து நான் பார்த்ததில்லை.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம், எங்கள் குழுவில் அதற்கு மேலேயே இருக்கிறோம், அதில் நானும் ஒருத்தி. கழிப்பறை பற்றிப் பேசியிருக்கிறோம், காலை உணவு பற்றிப் பேசியிருக்கிறோம், பந்தைப் பற்றி ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை உண்டு. அடுத்த கூட்டத்தில் அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று இருப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். அடுத்த விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு என் மகள் பெயரை முதல் ஆளாக எழுதிக்கொள்ளச் சொல்லியும் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாலாம் வகுப்பு மாணவியின் அம்மா,
திண்டுக்கல் மாவட்டம்