வரத்துக்காலைத் திறந்துவிடுங்கள்: பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணி விஷயமாக நான் கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. போன வாரம் ஊருணிக்கரையில் சுற்றுலா வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காகச் சிமெண்டுக் கல் பதிக்க ஆரம்பித்தீர்கள். பதிக்கிற இடம், ஊருணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்காலின் மேல். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மே மாதம் நானும் வீட்டுக்காரரும் ஆஸ்திரியாவில் இருக்கிற மகனிடம் போயிருந்தோம். அவன் எங்களை ஹால்ஸ்டாட் என்ற ஊருக்கு அழைத்துப்போனான். ரயில் நிலையம் ஏரிக்கு ஒரு பக்கம், ஊர் எதிர்ப்பக்கம். இறங்கிப் படகில்தான் போக வேண்டும். மலைச்சரிவில் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கிற வீடுகள், வாசலிலேயே ஏரி. மலைக்குள் ஆயிரக்கணக்கான வருடங்களாக உப்பு வெட்டுகிறார்கள். 1846 முதல் அங்கே தோண்டியெடுத்த கல்லறைகளை வைத்து ஐரோப்பாவின் ஆரம்ப இரும்புக்காலத்துக்கே அந்த ஊரின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு என்றதும் இவர் என் பக்கம் திரும்பினார். பர்மாவுக்குக் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே நம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரும் உப்பு விற்றுத்தானே பிழைத்தார்கள்.

திரும்பும்போது படகில் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நம்ம ஊருணில இப்ப ஒரு குடம் தேறுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் தெருக்கோடி வீட்டு ஆச்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கிற பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். ஊருணி நிறைந்திருந்த வரை அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும். ஊருணி வறண்டது, கிணறு உவர்ந்துவிட்டது. இப்போது குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்குகிறார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் வளவு முற்றத்தில் கொட்டிய தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடித்தார். மிச்சம் வழக்கம்போலத் தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து ஊருணிக்குப் போக வழியில்லை. வரத்துக்காலில் கட்டட இடிசலும் குப்பையும் அடைத்துக்கிடந்தன. தண்ணீர் எதிர்த்துத் திரும்பி, சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு அவர் முகப்புக்குள் ஏறிவிட்டது. விடிந்ததும் நான் போனபோது ஆச்சி ஆத்தங்குடிக் கல்லில் படிந்த சேற்றை உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தார். அதே காலையில் ஊருணியில் ஆடு மேய்ந்தது.

மழை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வருகிற மழையை ஊருணிக்குள் விட மாட்டேன் என்கிறோம். அவ்வளவுதான்.

ஹால்ஸ்டாட் 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் அதற்கு முந்தைய படியான உத்தேசப் பட்டியலுக்கு வந்தன. நம் ஊருக்கும் ஆட்கள் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் ஒன்றையும் பாருங்கள். அந்த ஊரில் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. வருகிற கூட்டத்தைத் தாங்க முடியாமல் 2023-இல் அவர்களே போராட்டத்தில் இறங்கினார்கள். சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பதிவும் நேரக் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். இங்கேயோ குடியிருப்பவர்களின் குடிநீர் வழியை அடைத்து, வருகிறவர்களுக்குக் கார் நிறுத்தம் கட்டுகிறோம். பெரிய வீடுகளின் தூணும் கதவும் பழைய சாமான் கடைக்குப் போவதைத்தான் தடுக்க முடியவில்லை, அது சொந்தக்காரர்கள் விவகாரம் என்கிறீர்கள். சரி. ஊருணி யாருடைய விவகாரம்? அதை வெட்டியவர்கள் ஊருக்கென்றுதானே வெட்டினார்கள்? கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். வரத்துக்காலைத் திறந்துவிடுங்கள். பதித்த கல்லைப் பெயர்த்துக் கார் நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இடிசலை அள்ளி, கால்வாயைத் தூர்வாரி, சாக்கடை அதில் கலக்காமல் பிரித்துவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்தால் இந்த வருட மழை ஊருணிக்கு வந்துவிடும். தயவுசெய்து இன்னொரு மழையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள்.

கால்வாய் எந்த வழியாகப் போனது என்பதில் சந்தேகம் இருந்தால் சர்வேயரை அனுப்புங்கள். நில அளவைப் புலப்படத்தோடு வந்தால் போதும். ஆச்சி கூடவே நடந்து வந்து காட்டுகிறேன் என்றிருக்கிறார். வெயிலுக்கு முன்னால், காலையில் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஊருணித் தெருவில் குடியிருப்பவள்